ஒரே சாயம், இரண்டு நிறம்: வீட்டு அனோடைசிங்கில் தொட்டிச் சூடு செய்கிற வேலை

ஒரே அலுமினியக் குழாயில் வெட்டிய இரண்டு துண்டு. அமிலம் ஒன்று, சாயம் ஒன்று, சாயத்துக்குள் கிடந்த நேரமும் ஒன்று. விடியக் காலையில் செய்தது தெளிந்த நீலம். மத்தியானம் செய்தது கடும் நீலம், அதுவும் திட்டுத்திட்டாக. துணியால் தேய்த்தால் வெண்தூள் ஒட்டுகிறது. மட்டக்களப்பில் வீட்டுப் பின்வளவில் அனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேல் மின்னோட்டத்தால் ஒட்சைட்டுப் படை வளர்த்துச் சாயமேற்றுகிற வேலை, தொடங்குகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். வந்தவுடன் சாயத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். சாயத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைப்பார்கள், வேறு இடத்தில் வாங்குவார்கள், அடுத்த துண்டும் வேறு நிறத்தில் வரும். குற்றம் சாயத்தில் இல்லை. காலையில் 22 பாகையில் இருந்த அமிலத் தொட்டி மத்தியானம் 29 பாகைக்குப் போனதில் இருக்கிறது.

அலுமினியத்தைச் சல்பூரிக் அமிலத்தில் அனோட்டாக (நேர்முனையாக) தொங்கவிட்டு மின்னோட்டம் கொடுக்கும்போது இரண்டு வேலை ஒன்றாக நடக்கும். உலோகத்தை ஒட்டிய பக்கத்தில் ஒட்சைட்டுப் படை வளரும். வெளிப்பக்கத்தில் அமிலம் அதே படையைக் கரைக்கும். கரைக்காவிட்டால் துளை வராது, துளை இல்லாவிட்டால் சாயம் தங்க இடமில்லை. அந்தத் துளைகளின் குறுக்களவு 10 முதல் 20 நனோமீற்றர் மட்டில்தான். வளரும் வேகம் மின்னோட்டத்தின் கையில், கரையும் வேகம் சூட்டின் கையில். சூடு ஏற ஏறத் துளையின் வாய் அகலும், துளைகளுக்கு நடுவில் நிற்கிற சுவர் மெலியும். சாயம் கெதியாகவும் நிறையவும் உள்ளே போகும். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கிற சுவர் பலமற்றது. குளிர்ந்த தொட்டியில் இது தலைகீழ்: படை இறுக்கமாக, கடினமாக வரும், துளை ஒடுங்கியிருக்கும், சாயம் தயங்கித் தயங்கித்தான் ஏறும்.

லீற்றருக்கு 180 கிராம் சல்பூரிக் அமிலம் உள்ள தொட்டி, சதுர டெசிமீற்றருக்கு 1.2 முதல் 1.5 அம்பியர் என்று வைத்துக்கொண்டால், 15 முதல் 17 பாகைக்குள் படை நல்ல கடினம், நிறம் வெளிர். கறுப்புச் சாயத்தில் போட்டால் கறுப்பாக வராமல் சாம்பலாகவோ பழுப்பாகவோ நிற்கும். 18 முதல் 21 வரை புத்தகங்கள் சொல்கிற இடம். எந்த நிறமும் ஒழுங்காக ஏறும். 22 முதல் 24 வரை அலங்கார வேலைக்கு மோசமில்லை, சாயம் விரைவாக ஆழமாகப் போகும், படை சற்று மென்மை. 25 தாண்டினால் நிறம் இன்னும் கடுமையாகத் தெரியும், ஆனால் மினுக்கம் செத்து மேற்பரப்பு மங்கத் தொடங்கும். 28க்கு மேலே வளர்கிற அளவுக்குக் கிட்ட வெளியே கரைந்துகொண்டிருக்கும். நேரத்தைக் கூட்டினாலும் தடிப்பு ஏறாது, தூள்தான் ஏறும். சாயம் போட்ட உடனே அழகாகத் தெரிகிற துண்டு, துளையை மூடக் கடைசியில் கொதிநீரில் அவிக்கும்போது நிறத்தைத் தண்ணீரில் கக்கிவிடும்.

இங்கே குழாய்த் தண்ணீர் 28, 29 பாகையில்தான் வருகிறது, கிணற்று நீரும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் ஒன்றும் செய்யாமல் தொட்டியை நிரப்பினால், தொடங்குகிற இடமே மற்றவர்கள் எச்சரிக்கிற எல்லை.

ஒற்றைச் சாயத்தில் சூட்டு வித்தியாசம் கடுமை, வெளிர் என்பதோடு நின்றுவிடும். கலவைச் சாயத்தில் நிறமே மாறிவிடும். பச்சையைப் பெரும்பாலும் மஞ்சளும் மயில்நீலமும் கலந்துதான் எடுக்கிறோம். மயில்நீலச் சாயம் செம்பு சேர்ந்த பெரிய மூலக்கூறு, மஞ்சள் சிறியது. குளிர்ந்த தொட்டியில் வந்த ஒடுங்கிய துளைக்குள் மஞ்சள் முந்திப் புகுந்துவிடும், நீலம் வாசலில் நிற்கும். முடிவு இளங்கிளிப் பச்சை. சூடான தொட்டியில் நீலமும் தாராளமாகப் புகுந்து கடற்பச்சை வரும். சிவப்பும் நீலமும் கலந்த ஊதாவிலும் இதே சிக்கல். ஆகவே ஒரு சாமானின் நான்கு பாகத்தையும் ஒரே நிறத்தில் எடுக்க வேண்டுமென்றால் கலவையைத் தவிர்த்து ஒற்றைச் சாயத்தில் நிற்பது புத்தி. கலவைதான் வேண்டுமென்றால் நான்கையும் ஒரே தடவையில் ஒரே சட்டத்தில் தொங்கவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 20 பாகையைத் துரத்துவதைவிட, பிடித்து வைக்கக்கூடிய ஒரு சூட்டைத் தெரிந்து அதிலேயே நிற்பதுதான் இந்த ஊருக்குச் சரி. தொடக்கத்தில் 19, முடிவில் 26 என்று ஓடுகிற தொட்டியைவிட, தொடக்கம் முதல் முடிவு வரை 23இல் நிற்கிற தொட்டி நல்ல நிறம் தரும். முக்கியமாக, அடுத்த முறையும் அதே நிறத்தைத் தரும்.

குளிர்நாட்டுச் செய்முறை இங்கே ஏன் சரிவருவதில்லை

இணையத்தில் கிடைக்கிற வீட்டுச் செய்முறைகள் பல, குறைந்த மின்னோட்டம், நீண்ட நேரம் என்ற வழியில் போகின்றன: சதுர டெசிமீற்றருக்கு 0.65 அம்பியர் மட்டில், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. சிறிய மின்வழங்கி போதும், தொட்டி அதிகம் சூடாகாது என்பது அதன் நியாயம். வெளியே 15 பாகை இருக்கிற நாட்டில் அது நல்ல நியாயம். இங்கே 27, 28 பாகை அமிலத்துக்குள் துண்டு முக்கால் மணி, ஒன்றேகால் மணி என்று கிடந்தால், முதலில் வளர்ந்த வெளிப்படை அவ்வளவு நேரமும் கரைந்துகொண்டே இருக்கும். சூடான இடத்தில் செய்ய வேண்டியது எதிர்மாறு: மின்னோட்டத்தைக் கூட்டி, நேரத்தைக் குறைத்து, துண்டை அமிலத்திலிருந்து கெதியாக எடுப்பது.

கணக்கு இலேசானது. வேண்டிய தடிப்பை மைக்ரோனில் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்து 3ஆல் பெருக்குங்கள், சதுர டெசிமீற்றருக்கு எத்தனை அம்பியரோ அதால் வகுங்கள், வருவது நிமிடம். 15 மைக்ரோனுக்கு 1.5 அம்பியரில் 30 நிமிடம். அதே தடிப்பு 0.65இல் ஏறக்குறைய 70 நிமிடம். பொன்னிறம் போன்ற வெளிர் நிறத்துக்கு 8 முதல் 10 மைக்ரோன் காணும். சிவப்பு, நீலத்துக்கு 12 முதல் 15. நல்ல கறுப்புக்கு 20 வேண்டும். தொட்டி 23, 24 பாகையில் நிற்கிறதென்றால் இந்த நேரத்தோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே சூடென்றால் கூட்டிப் பயனில்லை, குளிர வைக்க வேண்டும்.

பரப்பளவை அளக்காமல் இந்தக் கணக்கு ஓடாது. 25 மில்லிமீற்றர் வெளிவிட்டம், 22 உள்விட்டம், 100 மில்லிமீற்றர் நீளக் குழாய்த்துண்டுக்கு வெளிப்பக்கம் 0.79, உட்பக்கம் 0.69, ஆக ஏறக்குறைய 1.5 சதுர டெசிமீற்றர். 1.5ஆல் பெருக்கினால் 2.2 அம்பியர். அமிலத்துக்குள் முங்குகிற அலுமினியக் கொழுவியின் பரப்பையும் சேர்க்க வேண்டும். மெல்லிய கம்பிதானே என்று விட்டால் சிறு துண்டுகளில் நிறம் வெளிறும்.

மின்வழங்கி மின்னோட்டத்தை நிலையாகப் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும்; 0 முதல் 30 வோல்ற்று, 10 அம்பியர் மேசை வழங்கி வீட்டு வேலைக்குப் போதும். கார் பற்றரி சார்ஜரால் செய்யலாம்தான், ஆனால் அது வோல்ற்றை ஓரளவு ஒரே இடத்தில் வைத்திருக்கும். தொட்டி சூடானால் தடை குறையும், மின்னோட்டம் கூடும், அதனால் இன்னும் சூடாகும். சூடு சூட்டை வளர்க்கிற வட்டம் அது. மின்னோட்டம் நிலையாக இருக்கிற வழங்கியில் இது நடக்காது. மாறாக வோல்ற்று இறங்கும். அந்த இறக்கத்தையே ஒரு வெப்பமானியாகப் பாவிக்கலாம். 20 பாகையில் 1.5 அம்பியருக்கு 15 வோல்ற்று மட்டில் நிற்கும். வேலை நடக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் தொட்டி சூடாகிறது. திடீரென்று உச்சிக்கு ஏறி அம்பியர் விழுந்தால் கொழுவியின் தொடுகை கழன்றுவிட்டது.

எவ்வளவு ஐஸ் வேண்டும்

20 லீற்றர் தொட்டி, 15 வோல்ற்று, 10 அம்பியர் என்றால் 150 வாற்று. அரை மணித்தியாலம் ஓடினால் 270 கிலோயூல். ஒட்சைட்டு உருவாகும்போது வெளிவருகிற வெப்பத்தையும் சேர்த்தால் 300. இந்தத் தொட்டியை ஒரு பாகை ஏற்ற ஏறக்குறைய 78 கிலோயூல் போதும். ஆகவே வெளிச்சூடு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு தடவைக்கு 4 பாகை ஏறும். தொட்டி 5 லீற்றர் என்றால் இதே வேலைக்கு 15 பாகைக்கு மேலே. சிறு வாளியில் பெரிய துண்டு செய்யப் போகிறவர்கள் இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்தால் போதும்: ஓர் அம்பியருக்கு 2 லீற்றராவது அமிலம்.

30 பாகையில் இருக்கிற அதே 20 லீற்றரை 21க்கு இறக்க 700 கிலோயூல் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 21 பாகைத் தண்ணீராகும்போது ஏறக்குறைய 420 கிலோயூலை உறிஞ்சும். கணக்குக்கு 1.7 கிலோ, வெளியிலிருந்து புகுகிற சூட்டுக்கும் சேர்த்து 2.5 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தடவைக்கும் முக்கால் கிலோ. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 1.5 லீற்றர்ப் போத்தல் நான்கு உறைய வைத்தால் அரை நாள் வேலை நடக்கும். போத்தலில் 1.3 லீற்றருக்கு மேல் நிரப்ப வேண்டாம், உறையும்போது வெடிக்கும். கூட வேண்டுமென்றால் வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் மீன்காரர் வாங்குகிற ஐஸ்கட்டி மலிவு. ஆனால் அதை அமிலத்துக்குள் நேரடியாகப் போடக் கூடாது. ஒன்று, தொட்டியின் செறிவு இறங்கும். அதைவிட மோசம், அந்தத் தண்ணீரிலும் ஐஸ்பெட்டியிலும் இருக்கிற உப்பு தொட்டிக்குள் போகும்.

உறைந்த போத்தலை அமிலத்துக்குள் இறக்குவதென்றால் வெளிப்புறத்தைக் கழுவி, கதோட்டுக்கும் (எதிர்முனைத் தகட்டுக்கும்) துண்டுக்கும் நடுவில் வராமல் ஒரு மூலையில் நிறுத்துங்கள். நடுவில் நின்றால் மின்னோட்டத்துக்கு நிழல் விழும், அந்தப் பக்கம் வெளிறும். இதைவிடத் திறமான வழி சுருள்குழாய். ரிஜிபோம் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, மீன்தொட்டிப் பம்பு ஒன்றால் அந்தத் தண்ணீரை அமிலத்துக்குள் சுற்றிவைத்த பொலித்தீன் குழாய் வழியாக ஓட விடுவது. 8 முதல் 10 மீற்றர் மெல்லிய குழாய் வேண்டும், பிளாஸ்ரிக் சூட்டைக் கடத்துவதில் மந்தம். செம்புக் குழாய் நன்றாகக் கடத்தும் என்று போட்டுவிடாதீர்கள்; செம்பு அமிலத்தில் கரைந்து வந்து துண்டைக் கெடுக்கும்.

வைகாசி முதல் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஈரச்சாக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி விசிறியைத் திருப்பி விட்டால், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலச் சில பாகை இறங்கும். காற்று காய்ந்திருப்பதால் அது பலிக்கும். மாரியில் அதே சாக்கு சும்மா நனைந்து கிடக்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் மாரியில் விடியப்புறம் தொட்டி தானாகவே 25, 26க்கு வந்திருக்கும், ஒரு போத்தல் ஐஸோடு வேலை முடிந்துவிடும். அம்பாறை நகர்ப் பக்கம் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் பகல் வெக்கை இன்னும் கூட. அங்கே காலை ஏழு மணிக்கு முன் முடிப்பதுதான் வசதி.

குளிரவைக்க வழியே இல்லாதவர்களுக்கு ஒரு பாதி வழி உண்டு. லீற்றருக்கு 10 கிராம் ஒட்சாலிக் அமிலம் சேர்த்தால் படை கரைவது மந்தமாகும், 25, 26 பாகையிலும் தூள் குறையும். படையில் இலேசான மஞ்சள் சாயல் வரலாம். கறுப்பு, சிவப்பில் அது தெரியாது, வெளிர் நீலத்தில் தெரியும். ஒட்சாலிக் அமிலம் நஞ்சு, கையுறையோடு மட்டும் தொடுங்கள்.

வெப்பமானியைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடிக்காத உருக்கு முனையுள்ள டிஜிற்றல் வெப்பமானியை அப்படியே அமிலத்துக்குள் விடாதீர்கள். மெல்லிய கண்ணாடிச் சோதனைக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முனையை அதற்குள் வைத்து, குழாயைத் தொட்டியில் இறக்குங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் பூச்சியம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மலிவானவை 2 பாகை பிழை காட்டும், இந்த வேலையில் 2 பாகை என்பது கண்ணுக்குத் தெரிகிற நிறம்.

கலக்காத தொட்டியில் ஒரு துண்டே இரண்டு நிறம்

தொட்டியின் சூடு வேறு, துண்டின் தோலில் இருக்கிற சூடு வேறு. வெப்பம் பிறப்பது ஒட்சைட்டுப் படையிலேயே. அமிலம் அசையாமல் நின்றால் துண்டை ஒட்டிச் சூடான அமிலம் மேலே ஏறிப் போய் மேற்பாதியில் தங்கும். வெப்பமானி 21 என்று சொல்லும். துண்டின் மேல்முனை அதைவிடச் சில பாகை கூடவாக இருக்கும். சாயம் போட்டதும் மேலே கடுமை, கீழே வெளிர். நீளமான துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிடும்போது இது நன்றாகத் தெரியும். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்றை எடுத்து, தொட்டியின் அடியில் துளையிட்ட பீ.வீ.சீ. குழாயைக் கிடத்தி அதனோடு பொருத்தினால் இந்தக் குற்றம் போய்விடும். குமிழ் துண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கோடு கோடாகத் தெரியும். குழாய்த்துண்டின் உட்பக்கத்தில் காற்று அடைபட்டு நிற்காமல் சற்றுச் சரித்துக் கொழுவுங்கள்.

கதோட்டுக்கு ஈயத் தகடோ அலுமினியத் தகடோ போதும், துண்டின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். கொழுவிக்கு அலுமினியக் கம்பி அல்லது தைற்றேனியம். இரும்பும் செம்பும் அமிலத்துக்குள் அனோட்டுப் பக்கம் போகவே கூடாது.

தொட்டி தயாரிக்க: பற்றரி அசிட் 1.28 அடர்த்தி என்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 470 கிராம் சல்பூரிக் அமிலம் இருக்கும். 10 லீற்றர் தொட்டிக்கு 6.2 லீற்றர் தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குள் 3.8 லீற்றர் அசிட்டை மெல்ல விடுங்கள். ஒருபோதும் மாற்றிச் செய்ய வேண்டாம். கலவை நிற்க வேண்டிய அடர்த்தி 1.11. கலக்கும்போது சூடேறும், ஆகவே முதல்நாள் இரவே செய்துவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கையுறை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் அப்பச்சோடாவும். கதோட்டில் ஐதரசன் வரும். திறந்த தாழ்வாரம் நல்லது, அறை கூடாது, அடுப்பும் பக்கத்தில் கூடாது.

தண்ணீர் விடயத்தில் வாவிக்கரை வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கிணறு உவர் என்றால் அதை அமிலத்துக்கோ சாயத்துக்கோ பாவிக்க முடியாது. குளோரைட்டு லீற்றருக்கு 0.1 கிராமைத் தாண்டினாலே துண்டில் ஊசிக்குத்துப் போலக் குழி விழத் தொடங்கும். குழாய்த் தண்ணீர் முதற் கழுவலுக்கு மட்டும். தொட்டிக்கும் சாயத்துக்கும் அவிப்பதற்கும் காய்ச்சி வடித்த நீர், அல்லது குடிநீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் வைத்து விற்கிற இடத்துத் தண்ணீர். மாரியில் கூரையை நன்றாகக் கழுவவிட்டுப் பிறகு பிடித்த மழைநீரும் நல்லது.

தொட்டியிலிருந்து சாயத்துக்கு

உலோகம் எது என்பதும் நிறத்தில் பேசும். அலுமினிய யன்னல் செய்கிறவர்களிடம் கிடைக்கிற 6063 என்ற அலுமினியக் கலப்புலோக வெட்டுத்துண்டு இந்த வேலைக்கு ஏற்றது, ஆனால் அதில் பலதும் ஏற்கெனவே அனோடைசிங் செய்தோ பவுடர் பூசியோ வரும். அதை முழுதாக எடுத்த பிறகே தொடங்க வேண்டும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் கூட, எந்தச் சூட்டில் செய்தாலும் அழுக்குச் சாம்பல்தான். முன்வேலை வழமையானது: சவர்க்காரத்தால் எண்ணெய் போக்கி, லீற்றருக்கு 50 கிராம் கோஸ்டிக் சோடாக் கரைசலில் 50 பாகையில் ஓரிரு நிமிடம், கழுவி, நகைத்தொழிலாளர் பாவிக்கிற நைத்திரிக் அமிலத்தைச் சம அளவு தண்ணீரில் விட்ட கரைசலில் கருமை போகும்வரை, திரும்பக் கழுவல். இதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது.

மின்னோட்டத்தை நிறுத்தியதும் துண்டை உடனே தூக்குங்கள். வளர்ச்சி நின்றுவிட்டது, கரைவு நிற்கவில்லை. சூடான தொட்டியில் ஐந்து நிமிடம் மறந்து விட்டாலே நிறத்தில் தெரியும். கழுவி, லீற்றருக்கு 20 கிராம் அப்பச்சோடாக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் திரும்பக் கழுவுங்கள். துளைக்குள் மிஞ்சிய அமிலம் சாயத்துக்குள் கசிந்தால் சாயத்தின் பீ.எச். (அமில, கார அளவு) இறங்கும், நிறம் நகரும். கழுவுகிற தண்ணீர் ஒருபோதும் சுடக் கூடாது, துண்டு காயவும் கூடாது. இரண்டும் சாயம் போகுமுன்னே துளையை அடைக்கும்.

சாயத் தொட்டியின் சூடு வேறு கணக்கு. அங்கே 55 முதல் 60 பாகை வேண்டும். அறைச் சூட்டிலும் ஏறும், ஆனால் மந்தமாக, அடிக்கடி திட்டாக. 65ஐத் தாண்டினால் துளைகள் மெல்ல மூடத் தொடங்கும். அனோடைசிங் சாயம் நிறங்களுக்கு லீற்றருக்கு 2 முதல் 5 கிராம், கறுப்புக்கு 10. பீ.எச். 5.5 மட்டில், இறக்க வெள்ளை வினாகிரி, ஏற்ற அப்பச்சோடா சிட்டிகை. நேரம் 10 நிமிடம். வெளிர் நிறம் வேண்டுமென்றால் சாயத்தை ஐதாக்குங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். அரை நிமிடத்தில் எடுத்த துண்டு நிறம் துளை வாயில் மட்டும் தங்கியது. அவிக்கும்போது முதலில் போவது அதுதான்.

மருதமுனை நெசவுக்காரர் வழியாக நூற்சாயம் இந்தப் பக்கம் இலகுவில் கிடைப்பதால் அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பருத்திக்குப் போடுகிற சாயங்களில் தண்ணீரில் கரையாமல், காரத்தோடு சேர்த்து ஒடுக்கிப் பாவிக்கிற வகை அறவே சரிவராது. கரையாத துகள் துளைக்குள் போகாது, காரம் படையைத் தின்றுவிடும். நேரடியாகத் தண்ணீரில் கரைகிற வகைகளில் சில ஏறும். ஆனால் நூலுக்குச் சேர்க்கிற உப்பைச் சேர்க்கக் கூடாது, வெயிலில் நிற்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பட்டு, கம்பளிக்கான அமிலச் சாயங்கள் இதைவிடப் பொருத்தம். எதுவானாலும் ஒரு வெட்டுத்துண்டைச் செய்து, பாதியை மூடி முற்றத்து வெயிலில் போட்டுப் பார்த்த பிறகு நல்ல சாமானில் கைவையுங்கள்.

கடைசியாக அவித்தல். கொதிநீரில் 96 பாகைக்கு மேலே, ஒரு மைக்ரோனுக்கு 2 முதல் 3 நிமிடம். 15 மைக்ரோனுக்கு அரை மணிக்குக் குறையாமல். தொட்டி சூடாக ஓடிய நாள் துண்டுகளை நேரடியாகக் கொதிநீரில் போட்டால் தண்ணீர் நிறமாகும். அவற்றை முதலில் பத்து நிமிடம் ஆவியில் வைத்து வாய் மூடச் செய்து, பிறகு கொதிநீருக்கு மாற்றினால் இழப்பு குறையும். அதற்குப் பாவித்த புட்டுப்பானை திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது. லீற்றருக்கு 5 கிராம் நிக்கல் அசற்றேற்றுக் கரைசல் 85 பாகையில் நிறத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நிக்கல் உப்புகள் உடலுக்குக் கேடு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வெறும் கொதிநீரே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். மூடியதா என்று பார்க்க மார்க்கர் பேனையால் ஒரு புள்ளி வைத்து ஈரத்துணியால் துடைக்கலாம். கறை நின்றால் துளை இன்னும் திறந்திருக்கிறது.

நிறம் பிழைத்த துண்டை என்ன செய்வது? அவிக்குமுன் கண்டுபிடித்தால், வெளிர் என்றால் திரும்பச் சாயத்தில் போடலாம். தூள் வந்த துண்டுக்கு அந்த வழி இல்லை. மேலே எத்தனை தரம் சாயம் போட்டாலும் அது நிற்காது. கோஸ்டிக் சோடாவில் படையை முழுதாக எடுத்து, நைத்திரிக் அமிலத்தில் துப்புரவாக்கி, தொட்டியைக் குளிரவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு முறை எடுத்துத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு முகத்திலும் 10, 15 மைக்ரோன் உலோகம் போய்விடும். அலங்காரச் சாமானுக்கு அது பொருட்டில்லை. புரி வெட்டியதும் இறுக்கமாகப் பொருந்துகிறதுமான பாகத்தில் ஆட்டம் தெரியும், அப்படியான பாகத்தைத் திரும்பச் செய்வதைவிடப் புதிதாகக் கடைந்து எடுப்பது நல்லது. பாவித்து முடிந்த அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கி, அடியில் படிகிற வண்டலைத் தனியே எடுத்து வையுங்கள். வாவிக்கோ வடிகானுக்கோ அப்படியே விட வேண்டாம். கரைந்த அலுமினியம் லீற்றருக்கு 20 கிராமைத் தாண்டும்வரை தொட்டியை மாற்றத் தேவையில்லை, ஆகவே வீட்டு அளவில் இந்த வேலை அடிக்கடி வராது.